நல்ல நாள் பார்த்து ஆரம்பிச்சிடறேன் சார்

காசநோய்க்கு மாத்திரை கொடுக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: கொடுப்பது இன்றைக்கு, முழுங்குவது எப்போதும் நாளைக்கு.

எண்பதுகளின் தொடக்கத்தில் தருமபுரி ஜில்லாவில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு இந்த வேலை. ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் இரண்டு பேருக்குக் கோபம் வரும். மாத்திரையைக் கவரில் போட்டு ஜன்னல் வழியாக நீட்டுவது கம்பவுண்டர் சவரிமுத்து. அது போய்ச் சேரவேண்டிய வயிற்றுக்குத்தான் போகிறதா என்று பஸ்ஸிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பது நான். என் உத்தியோகத்துக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊர்க்காரர்கள் 'மாத்திரை சார்' என்றார்கள். அதுவே போதும்.

அந்தக் காலத்தில் காசத்துக்கு ஒன்றரை வருஷ வைத்தியம். முதலில் கொஞ்ச நாள் ஊசி, அப்புறம் தினமும் மாத்திரை. நடுவில் விடக் கூடாது. கேட்கும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! இதில் உள்ள வில்லங்கம் என்னவென்றால், இரண்டாவது மாசமே இருமல் அடங்கிவிடும், காய்ச்சல் விட்டுவிடும், கன்னத்தில் கொஞ்சம் சதை பிடிக்கும். நோய் போய்விட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வார். அது எங்கேயும் போயிருக்காது. இவர் எப்போது மாத்திரையை நிறுத்துவார் என்று உள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். நிறுத்தினால் மறுபடி கிளம்பும், அப்புறம் பழைய மாத்திரைக்கு மசியாது.

இதைப் படிக்கிற உங்களுக்குக் காசம் இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஆனால் புது வருஷத்துக்கு டைரி வாங்கி மாட்டுப் பொங்கலோடு எழுதுவதை நிறுத்தினவர்கள், விடிகாலையில் நடக்கப் போவதாகக் கேன்வாஸ் ஷூ வாங்கி அதில் எலி குட்டி போட விட்டவர்கள், டைப்ரைட்டிங் கிளாஸுக்கு ஃபீஸ் கட்டினதோடு சரி என்று இருந்தவர்கள் எல்லாம் கொஞ்சம் கை தூக்குங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு. உங்களுக்கு இருமல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

திங்கட்கிழமைப் பிரசங்கம்

எங்கள் பெரிய டாக்டர் நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு ஆறுதல் அடைந்திருக்கலாம். மெட்ராஸில் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து 'மோட்டிவேஷன்' என்கிற வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாத்திரை இரண்டாம் பட்சம், நெஞ்சில் நெருப்பு இருக்கவேண்டும், அதுதான் முதல் மருந்து என்றார். ஏற்கெனவே நெஞ்சில் நெருப்போடு இருமிக்கொண்டிருந்த ஜனங்களிடம் இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாகவே இல்லை. திங்கட்கிழமை தோறும் மாத்திரை வாங்க வந்த கூட்டத்தை மரத்தடியில் உட்கார வைத்து, "நோயை வெல்வேன் என்று சொல்லுங்கள்!" என்பார். ஜனங்கள் சொல்வார்கள். "இன்னும் சத்தமாக!" என்பார். அதில் நாலு பேருக்கு இருமல் வந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசை ஆள் கோவிந்தன். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். அருவிக்குப் போகிற ரோட்டோரமாக ஒரு சின்ன ஊரில் வீடு. நல்ல உயரம், ஆற்றின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகின குரல். பின்னால், புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவருடைய சம்சாரம் பழனியம்மா உட்கார்ந்திருப்பார். பிரசங்கம் எப்போது முடியும், பஸ் எப்போது வரும் என்று பார்ப்பதைத் தவிர அந்தம்மாவின் முகத்தில் நான் வேறு ஒன்றையும் பார்த்ததில்லை. கோவிந்தனின் எக்ஸ்ரேயை நான் பார்த்திருந்தேன். நுரையீரல் இரண்டு பக்கமும் அரித்திருந்தது. ஒன்றரை வருஷம் விடாமல் முழுங்கினால் பிழைப்பார், விட்டால் போய்விடுவார். மூன்றாவதாக ஒரு வழி கிடையாது. டாக்டர் அன்றைக்குப் பேசி முடித்ததும் கோவிந்தன் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். கூட்டமே அவரைப் பார்த்தது.

"சுழியில பரிசலச் சுத்த வுட்டு எடுக்கறவன் சார் நானு. கண்ணுக்கே தெரியாத பூச்சி, அது என்னை என்னா பண்ணிப்புடும்?"

சவரிமுத்துவின் பொடி

கம்பவுண்டர் சவரிமுத்துவுக்கு மூக்குப்பொடிப் பழக்கம். மாத்திரைக் கவரில் எல்லாம் லேசாகப் பொடி வாசனை அடிக்கும். ஒவ்வொரு வருஷமும் தவக்காலம் வந்தால் பொடியை விட்டுவிடுவார். சும்மா இல்லை, அப்படியே சுத்தமாக விட்டுவிடுவார். அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்துவிடும். நானும் முதல் வருஷம் ஆளே மாறிவிட்டார் என்று நம்பி, என் வீட்டில்கூடச் சொன்னேன். ஈஸ்டர் முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார் பாருங்கள், மூக்கின் இரண்டு பக்கமும் பொடி.

"ஏண்ணே, அவ்வளவு நாள் விட்டீங்களே, அப்படியே விட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். எனக்கு வயிற்றெரிச்சல். அவர் டப்பாவைத் தட்டி மூடி, ஜன்னலுக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"தவக்காலத்துல ஊரே வுடுது தம்பி. கோயில்ல பூசை இருக்குது, சாமியார் பிரசங்கம் இருக்குது, வூட்டுல கறி ஆக்கறதில்ல. ஈஸ்டர் போச்சுன்னா வர்றது வெறும் திங்கக்கிழமை. அந்த வெறும் திங்கக்கிழமையத் தாண்டறது எப்பிடின்னுதான் யாரும் சொல்லிக் குடுக்க மாட்டேங்கறாங்க."

விதைச் சாமை

சித்தேரி மலையிலிருந்து ஒரு விவசாயி வருவார். மாசம் தவறமாட்டார். மழையோ, பஸ் பழுதோ, சாமை அறுப்போ, எதுவாக இருந்தாலும் மாத்திரை வாங்குகிற நாளில் ஆள் ஜன்னலில் நிற்பார். டாக்டர் அவரை மரத்தடியில் எழுப்பி நிறுத்தி, "இவரைப் பாருங்கள்!" என்று எல்லாருக்கும் காட்டுவார். இரண்டு தடவை கைதட்டல்கூட வாங்கிக் கொடுத்தார். சளிப் பரிசோதனையில் மட்டும் பூச்சி குறைந்தபாடில்லை. நுண்ணோக்கி பார்க்கிறவரை டாக்டர் திட்டினார். மருந்துக் கம்பெனியைத் திட்டினார். கடைசியில், போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை மலைக்கு அனுப்பினார்.

போனேன். மலை ரோட்டில் பஸ் ஏறுவதற்குள் எனக்கே சளிப் பரிசோதனை தேவைப்படும்போல் ஆகிவிட்டது. இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தால் மனுஷர் சந்தோஷத்தில் பூரித்துப் போனார். சாமைச் சோறு போட்டார். மாத்திரை எங்கே என்று கேட்டதும், அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருந்த பானையை இறக்கினார். விதைக்கு வைத்திருந்த சாமை, மேலே சாம்பல், வண்டு வராமலிருக்க வசம்பு, அதற்கு மேலே நாங்கள் கொடுத்த மாத்திரைக் கவர் அத்தனையும் அப்படியே இருந்தது. ஒன்றுகூட வீணாகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் சாமைச் சோற்றைத் தள்ளி வைத்தேன். அவரோ என்னிடம் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

"இப்ப ஊசி போட்டதுல நல்லாத்தான் இருக்கறனுங்க. நாளைக்கு நெசமாலுமே நோவு வந்துட்டா என்னா பண்றது? அப்பக் கையில மருந்து இருக்கணுமில்லீங்களா?"

அலாரம் வைத்த வாத்தியார்

மலைக்காரர் படிக்காதவர் என்று உச்சுக்கொட்டுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். தருமபுரி டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாத்தியார் இருந்தார். அவர் ஜன்னலில் முதல் கவரை வாங்கின அன்றைக்கே கடைக்குப் போய் அலாரம் வைத்த டைம்பீஸ் ஒன்று வாங்கினார். சுவரில் தன் கையெழுத்தில், சிவப்பு மையில், வாசகங்கள் எழுதி ஒட்டினார். விடிகாலை அலாரம் அடிக்கும். எழுந்து குளிப்பார். விபூதி பூசிக் கற்பூரம் காட்டுவார். சம்சாரமும் பிள்ளைகளும் வரிசையாக நிற்க, கிழக்கே பார்த்து மாத்திரையை முழுங்குவார். நான் ஒரு நாள் காலை அங்கே போய்விட்டு, தீபாராதனை முடியும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

அப்புறம் ஒரு மாசம் கழித்துப் போனால் வாசகங்கள் மட்டும் சுவரில் இருந்தன. வாத்தியார் இருமிக்கொண்டே பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். கவர் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. என்ன சார் இது என்றேன். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு விடாமுயற்சியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிற மனுஷர் அவர். அந்த இருமலை நாள் முழுக்க அந்தப் பையன்கள் நடுவில் இருமிக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை.

"டைம்பீஸ் ரிப்பேருக்குப் போயிருக்கு சார். வந்ததும் புதுசா, மொதல்லேர்ந்து, முறைப்படி ஆரம்பிச்சிடறேன்."

மீனும் மருந்தும்

கோவிந்தன் கதைக்கு வருகிறேன். பிரசங்கம் கேட்டு வீட்டுக்குப் போன மனுஷர், டாக்டர் சொல்லாததையும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்தார். நம் பக்கத்தில் மருந்து என்றால் பத்தியம் உண்டு இல்லையா? பத்தியம் இல்லாத மருந்தை யாரும் மருந்தாகவே மதிக்க மாட்டார்கள். நாங்கள் பத்தியம் ஒன்றும் சொல்லவில்லை. கோவிந்தனே போட்டுக்கொண்டார். மீன் கிடையாது, புளி கிடையாது, தாளித்த குழம்பு கிடையாது, பீடி கிடையாது. விடியுமுன் ஆற்றில் ஒரு முழுக்கு. பரிசல் துறையில் அவரைப் பற்றித்தான் பேச்சு. ஆளும் தேறினார். இரண்டு மாசத்தில் கன்னம் உப்பிவிட்டது. டாக்டர் அவரை மரத்தடியில் நிறுத்திக் கட்டிப்பிடித்தார்.

ஒகேனக்கல்லில் மீன் தின்னாமல் ஒருத்தர் எத்தனை காலம் இருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். பரிசலை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் வறுவல் கடை. சீசன் வந்தது, கூட்டம் வந்தது, அவரும் துடுப்பைத் தூக்கினார். ஒரு நாள் மீன் தின்றார். தின்ற அன்றைக்கு மாத்திரை போடவில்லை. மறுநாள் வீட்டில் மீன் குழம்பு. அன்றைக்கும் போடவில்லை. அப்புறம் தினமும் மீன்தான், மாத்திரை மாடத்தில்தான். நான் போய்ப் பார்த்தபோது பழனியம்மாதான் தயங்கித் தயங்கி, "இன்னைக்கும் மீனுங்க சார்" என்றார். "மீன் தின்னுங்க, நண்டு தின்னுங்க, ஆட்டைத் தின்னுங்க! எதைத் தின்னாலும் மாத்திரையைப் போட்டுத் தொலைங்க!" என்று வாசலில் நின்று கத்தினேன். கோவிந்தன் காதைப் பொத்தாத குறைதான்.

"மீன் தின்ன வாயில வெச்சா மருந்து முறிஞ்சிடுமுங்க. மருந்துக்குன்னு ஒரு மரியாதை வேணாமா சார்?"

ஆடிப் பதினெட்டு

இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை ரத்தத்தோடு வந்தது. டாக்டர் கலங்கிப் போய் அவரைத் தனியாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். பேசினதில் பலன் இருந்தது. கோவிந்தன் பரிசல் துறைக்குப் போய், அத்தனை பேர் முன்னாலும் பீடிக் கட்டை ஆற்றில் வீசி எறிந்தார். இனிமேல் மீனைத் தொட்டால் நான் என் அப்பனுக்குப் பிறக்கவில்லை என்றார். துறையே கைதட்டியது. மறுபடியும் முழுக்கு, மறுபடியும் பத்தியம், மறுபடியும் கன்னத்தில் கொஞ்சம் சதை. எல்லாம் சீசன் வரைக்கும்தான். வைராக்கியம் என்றால் அவ்வளவு வைராக்கியம் நான் வேறு ஒரு ஆளிடமும் பார்த்ததில்லை. அது இல்லாத நாளில் என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

மூன்றாவது தடவை இருமல் வந்தபோது நோய் ஊசிக்கு மசியவில்லை, மாத்திரையை அவர் தொடவே இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் நான் போகும்போதெல்லாம் கயிற்றுக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தார். பழனியம்மாதான் சளிக் கிண்ணத்தை எடுப்பது, முதுகைத் தடவுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம். வாயில் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். கட்டினால் அவருக்கு மனசு கஷ்டப்படும் என்றார். மாத்திரையைக் கையில் எடுத்து, "இப்பவே, என் கண் முன்னாடி ஒண்ணு போடுங்க" என்று கோவிந்தனிடம் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றால் நிஜமாகவே கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். இரண்டு தடவையும் நாள் பார்க்காமல் ஆரம்பித்ததால்தான் பாதியில் போச்சாம். ஆனி மாசம் முடியவில்லை, அதற்குள் போய்ச் சேர்ந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது இது.

"ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல புதுத் தண்ணி வரும் சார். தல முழுவிட்டு, நல்ல நாள் பார்த்து ஆரம்பிச்சிடறேன். இந்த வாட்டி வுட மாட்டேன்."

அஷ்டமி

நான் பயந்தபடியே நடந்தது. மார்கழியில் பழனியம்மா மட்டும் பஸ்ஸில் வந்து இறங்கினார். இருமல். சளியில் பூச்சி. எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் மட்டும், நல்லவேளை. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒரே மகள். இந்தம்மாவும் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு நாதி கிடையாது. டாக்டர் உருகிவிட்டார். தன் அறையில் உட்கார வைத்து அந்தம்மா ஒருத்திக்காக முழுப் பிரசங்கத்தையும் செய்தார். பழனியம்மா ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாழணும்னு உங்களுக்கு ஆசை இருக்கா அம்மா?" என்று டாக்டர் கேட்டார். "தெரியலைங்க" என்று பதில் வந்தது. வெளியே வந்ததும் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மோட்டிவேஷனே இல்லையேப்பா, இந்தம்மா தேறுவது சந்தேகம்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாத்திரை ஜன்னலில் சவரிமுத்து கவரைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு விசாரித்தார். "எருமை இருக்குதாம்மா?" "ஒண்ணு இருக்குதுங்க." "காலையில நீங்கதான் கறக்கறீங்களா?" "நாந்தாங்க. கறக்கலன்னா கத்துமுங்க, மடி கட்டிக்கும்." "என்னைக்காச்சும் கறக்காம வுட்டிருக்கீங்களா?" "அவரு செத்த அன்னைக்கும் கறந்துட்டுத்தாங்க அழுதேன்" என்றார் பழனியம்மா. சவரிமுத்து பொடி டப்பாவை எடுத்தவர், அதை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"செம்பு வெக்கற மாடத்துலயே இந்தக் கவரையும் வையுங்க. கறந்து எழுந்ததும் மாத்திரை. அப்புறந்தான் பாலை அளக்கறது. வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்றார். மீன் சாப்பிடலாமா என்று கேட்டார் அந்தம்மா. தாராளமாக என்றார். கவரை முந்தானையில் முடிந்துகொண்டு போனவர், நாலு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். "நாளைக்கு அஷ்டமிங்களே, நவமியும் போவட்டுமா?" சவரிமுத்து ஜன்னல் கம்பி வழியாகத் தலையை நீட்டினார்.

"உங்க எருமை அஷ்டமி பார்க்குதாம்மா? அது பார்க்க ஆரம்பிச்சதும் வந்து சொல்லுங்க, நாமளும் பார்ப்போம்."

மறத்துப்போன எருமை

அதற்கப்புறம் ஒரு வீர வசனமும் கிடையாது. பழனியம்மா மாதிரி ஒரு சிடுசிடுப்பான நோயாளியை நான் பார்த்ததில்லை. மாத்திரை குமட்டுகிறது என்பார். வாய் கசக்கிறது என்பார். "இன்னும் எத்தினி மாசங்க இந்தக் கருமம்?" என்பார். ஒரு நாளும் சிரித்த முகமாகக் கவரை வாங்கினது இல்லை. மரத்தடிப் பிரசங்கத்தில் எல்லாரும் வெல்வேன் என்று கத்தும்போது இவர் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருப்பார். ஆனால் சளியில் பூச்சி குறைந்துகொண்டே வந்தது. பிறகு இல்லாமலே போனது. பூச்சி இல்லை என்றதும் நின்றுவிடுவார் என்று பார்த்தேன். அடுத்த மாசமும் அதே சிடுசிடுப்போடு ஜன்னலுக்கு வந்தார்.

பாதி வைத்தியத்தில் ஒரு செய்தி வந்தது. எருமை சினை, பால் மறத்துவிட்டது. கறவை நின்றால் மாத்திரையும் நின்றதுதானே? முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். போய்ப் பார்த்தால் அந்தம்மா எருமைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுநீரில் தவிட்டைக் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்கி வைத்துவிட்டு எழுந்தார். என்னோடு பேசிக்கொண்டே மாடத்துக்குப் போய், கவரைப் பார்க்காமலே கையை விட்டு மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, அதே செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தார். குடித்ததே அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "கறவை நின்னுட்டுதே, நீங்களும் விட்டிருப்பீங்களோன்னு பயந்து வந்தேம்மா" என்றேன். அந்தம்மா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பால் இல்லன்னா என்னங்க சார், அதுக்கு விடிஞ்சாத் தீனி வெக்கணுமில்ல? வெச்சிட்டு எழுந்தாக் கை தானா அங்க போவுது. நாம என்னா பண்றது?"

மேடை

ஒன்றரை வருஷமும் முடிந்தது. கடைசி எக்ஸ்ரேயில் தழும்பு மட்டும்தான். டாக்டர் குழந்தை மாதிரி துள்ளினார். ஆஸ்பத்திரி வாசலில் விழிப்புணர்வுக் கூட்டம் ஏற்பாடு செய்தார். பந்தல், மைக் செட், துணிப் பேனரில் 'நோயை வென்ற வீரத்தாய்' என்று பெரிதாக எழுத்து. மேடையில் நாற்காலியின் நுனியில் பழனியம்மா உட்கார்ந்திருந்தார். கீழே முதல் வரிசையில் அவருடைய மகள், புதுப் பாவாடையில். அந்தப் பெண்ணைப் பார்த்தபோது மட்டும் எனக்கு இந்தத் தொழில்மேல் இருந்த கசப்பு கொஞ்சம் இறங்கியது என்று ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் அரைமணி நேரம் பேசினார். தளராத மன உறுதி என்றார். அசைக்க முடியாத தன்னம்பிக்கை என்றார். அதில் எதுவும், சவரிமுத்துவுக்கும் எனக்கும் தெரிந்தவரையில், அந்தம்மாவிடம் ஒரு பொட்டுகூட இருந்ததில்லை.

சால்வை போர்த்தினார்கள். அப்புறம் டாக்டர் மைக்கை அந்தம்மா முகத்துக்கு முன்னால் பிடித்து, "சொல்லுங்க அம்மா, இவ்வளவு தைரியம் உங்களுக்கு எங்கேருந்து வந்தது? எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்" என்றார். பழனியம்மா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். மைக் கொய்யென்று கத்தியது. பிறகு பேசினார். பந்தல் முழுக்கச் சிரித்தது, டாக்டரும் சிரித்துக் கைதட்டினார். அந்தம்மா சிரிக்கவில்லை. சிரிப்புக் காட்டுவதற்காக அவர் சொல்லவும் இல்லை. கண்ணில் தண்ணீர் நின்றது முன்வரிசையில் இருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தைரியமெல்லாம் எங்க வூட்டுக்காரருக்குத்தாங்க இருந்துச்சு. எங்கிட்ட எருமதாங்க இருந்துச்சு."

அடுத்த திங்கட்கிழமையும் மரத்தடியில் பிரசங்கம் நடந்தது. பழனியம்மாவுடையதை விட்டால், எங்கள் ஆஸ்பத்திரியில் நடுவில் விடாமல் நடந்த வைத்தியம் அது ஒன்றுதான்.